சி.ஆர்.சி என்ற பெயரில் இருவர்

எங்கள் கம்பெனியில் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் பொது ஃபைல் ஒன்று உண்டு. அதன் முதல் வரி: எழுதியவர், ஃபிக்ரி அப்துல் கவி. அது நான்தான். பதினேழு வருடமாக அந்த வரி அங்கே இருக்கிறது. இடையில் எங்கள் தெருவுக்கே இரண்டு முறை பெயர் மாறிவிட்டது, என் வரி மாறவில்லை. அந்த ஃபைலை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நாங்கள் சிப் வடிவமைக்கிறவர்கள். சிப்பைக் கையால் தொட்டவர்கள் எங்களில் குறைவு. நஸ்ர் சிட்டியில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடி. கீழே பல் டாக்டர், மேலே கல்யாண கவுன் வாடகைக்கு விடுகிற கடை. நடுவில் உட்கார்ந்துகொண்டு, சிப் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வி.எச்.டி.எல் என்ற மொழியில் எழுதிக் கொடுப்போம். கடலுக்கு அப்பால் யாரோ அதை அச்சடித்து அனுப்புவார்கள். லிஃப்ட் ஓடாத நாளில் கவுன் தூக்கி வரும் கடைக்காரரும் நாங்களும் படிக்கட்டில் ஒன்றாக மூச்சு வாங்குவோம்.

முதலாளி பஹ்கத், எங்கள் எல்லோருக்கும் டாக்டர். அவர் அறைக்கதவில் இருக்கும் பலகையில் அவர் பெயர் வருவதற்கு முன் பேராசிரியர், டாக்டர், இன்ஜினியர், ஆலோசகர் என்று நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். எதற்கும் அவர், "நான் ஜெர்மனியில இருந்தப்போ" என்றுதான் ஆரம்பிப்பார். அங்கே இருந்தது பதினெட்டு மாதம். அதில் நாலு மாதம் கால் முறிந்து படுத்திருந்தார்.

எங்கள் தலைமை வடிவமைப்பாளர், ரியாத் நகரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஜன்னல் வைத்த ஒரே அறை அவருடையது. அது காலியாக இருந்தது. புதன்கிழமை நடக்கப்போகும் இறுதிப் பரிசீலனை முடிந்ததும், அந்த நாற்காலி யாருக்கு என்று சொல்வதாக டாக்டர் அறிவித்திருந்தார். இருப்பது இரண்டு பேர். நான், அப்புறம் ஷாஹிநாஸ்.

ஷாஹிநாஸ் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மூத்தவன் என்று என்னை உஸ்தாஸ் என்பாள். வந்த மாதமே, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் மேசைக்கு வந்தாள்.

"உஸ்தாஸ், ஒரு நிமிஷம். உங்க சி.ஆர்.சி ஃபங்ஷனைப் பாத்தேன்."

சி.ஆர்.சி என்பது ஒரு சின்ன சரிபார்ப்புக் கணக்கு. ஒரு செய்தியை பிட் பிட்டாக மென்று, கடைசியில் ஒரு எண்ணைத் துப்பும். அனுப்புகிறவன் அந்த எண்ணைச் செய்தியின் வாலில் ஒட்டி அனுப்புவான். வாங்குகிறவன் மறுபடி மென்று பார்ப்பான். எண் ஒத்துப்போனால் செய்தி வழியில் கெடவில்லை என்று அர்த்தம். எந்தப் பக்கத்திலிருந்து மெல்லத் தொடங்குகிறோம் என்பது முக்கியம். தலையிலிருந்து மென்றால் ஒரு எண் வரும், வாலிலிருந்து மென்றால் வேறு எண் வரும்.

"பாத்தியா? சரி. என்ன?" என்றேன்.

"பிட் வரிசையை நீளம் சொல்லாமலே வாங்கிக்குது. அது நல்லது. ஆனா வரிசை எந்தப் பக்கம் ஆரம்பிக்குதுன்னு அது கேக்கறதில்ல. பெரிய நம்பர்தான் முதல்னு தானாவே எடுத்துக்குது. நாளைக்கு யாராவது பூஜ்யத்துலேர்ந்து மேல எண்ணுற வரிசையைக் குடுத்தா, வாலிலேர்ந்து மெல்லும். ரெண்டு வரி மாத்தினாப் போதும். மாத்தட்டுமா?"

"நாம எல்லாரும் ஏழு, ஆறு, அஞ்சுன்னு கீழதான் எண்ணுவோம். இந்த ஆபீஸ்ல பூஜ்யத்துலேர்ந்து எண்ணினவன் இதுவரைக்கும் பொறக்கல."

"வெளியிலேர்ந்து வரலாமில்ல?"

"பதினஞ்சு வருஷமா ஓடுற ஃபங்ஷன், ஷாஹிநாஸ். அதுக்கு நீ பால் குடிக்கக் கத்துக்குடுக்க வேண்டாம். என் ஃபைலைத் தொடாதே."

தொடவில்லை. அதுதான் கொடுமை. பக்கத்தில் தனியாக ஒரு ஃபைலைத் திறந்து, அதே சி.ஆர்.சி என்ற பெயரிலேயே இன்னொரு ஃபங்ஷன் எழுதிவிட்டாள். இந்த மொழியில் அதற்கு இடம் உண்டு. ஒரே பெயரில் எத்தனை ஃபங்ஷன் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், வாங்கிக்கொள்ளும் சரக்கு மட்டும் வேறு வேறு வகையாக இருக்க வேண்டும். என்னுடையது பிட் வரிசையை வாங்கும். அவளுடையது பைட் வரிசையை வாங்கும், அதாவது எட்டு எட்டாகக் கட்டிய பிட்டுகளை. யாராவது சி.ஆர்.சி என்று கூப்பிட்டால், கையில் என்ன சரக்கு வைத்திருக்கிறார்கள் என்று, நாங்கள் எழுதியதைப் படித்து மொழிபெயர்க்கும் கம்பைலர் பார்க்கும். பார்த்துவிட்டு, எங்கள் இருவரில் ஒருவரை அனுப்பும்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் வீட்டுக் கதவைப் பெயர் சொல்லித் தட்டுவது போல. ஆனால் திறந்துகொண்டு வெளியே வந்தது எப்போதும் அவள்தான். ஏனென்றால் ஒரு வருடத்துக்குள் ஆபீஸில் எல்லோரும் பைட் வரிசைக்கு மாறிவிட்டார்கள். அதுதான் வசதி என்றார்கள். டாக்டர்கூட மீட்டிங்கில் சொன்னார்.

"ஷாஹிநாஸோட சி.ஆர்.சியைப் பாருங்க. பதினோரு வரி. நான் ஜெர்மனியில இருந்தப்போ இப்படித்தான் எழுதுவோம்."

ஷாஹிநாஸோட சி.ஆர்.சி. அந்தப் பெயரை வைத்தவன் நான். அறையில் யாருக்கும் அது நினைவு வந்ததாகத் தெரியவில்லை. நான் தேநீரில் புதினா இலையைக் கரண்டியால் அழுத்திக்கொண்டிருந்தேன். இலை செத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அன்றே ஒரு சபதம் எடுத்தேன். அவளுடைய ஃபங்ஷனை நான் படிக்க மாட்டேன். பதினோரு வரி, படித்தால் ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வாரத்துக்கு ஒரு முறை தேடிப் பார்ப்பேன். மொத்த வடிவமைப்பிலும் சி.ஆர்.சி என்ற பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று கணினியைக் கேட்பேன். இருநூற்றுப் பதினாலு இடம் என்று சொல்லும். அதில் எத்தனை எனக்கு, எத்தனை அவளுக்கு என்று சொல்லாது, பெயர் ஒன்றுதானே. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கலாம்தான். பூஜ்யம் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பார்க்கவில்லை.

டீ போடுகிற பெரியவர் தெஸூக்கிக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது. மாமா என்பதை இங்கே அம்மு என்போம், அவர் எல்லோருக்கும் அம்மு தெஸூக்கி. இருபது வருடமாக இந்த மாடியில் எல்லோருடைய முகத்தையும் தட்டோடு சேர்த்துத் தூக்குகிறவர். கோப்பைகளில் எங்கள் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறார், வெளிநாட்டார் வந்தால் மரியாதையாக இருக்கும் என்று டாக்டர் சொன்னதால். அந்த எழுத்துகளைத் தவிர அவருக்கு வேறு ஆங்கிலம் தெரியாது. அவை மட்டும் போதும் என்பார்.

"என்ன பாஷ்முஹந்திஸ், வயிறு எரியுதா?" என்றார் ஒருநாள். இந்த ஊரில் திருப்புளி பிடித்த எல்லோருக்கும் பெரிய இன்ஜினியர் என்ற அந்தப் பட்டம் உண்டு, எனக்கும் உண்டு.

"ஏன் கேக்கறீங்க அம்மு?"

"அந்தப் பொண்ணு சிரிக்கிறப்பல்லாம் நீங்க வயித்தத் தடவுறீங்க. காலையில சாப்பிட்ட ஃபூல் பயறுல எண்ணெய் அதிகமோன்னு பாத்தேன்."

"எண்ணெய்தான்."

"அப்ப எலுமிச்சை பிழியணும். வேற ஒண்ணும் பண்ண முடியாது."

இப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது அலெக்ஸாண்ட்ரியாவில் ஒரு கம்பெனிக்காக, வீட்டுத் தண்ணீர் மீட்டரில் வைக்கிற சிப். மீட்டர் தன் கணக்கைத் தானே ரேடியோவில் அனுப்பும். தெருவில் போகிற வண்டி அதை வாங்கிக்கொள்ளும். செய்திக்குத் தலைப்புப் பகுதி ஒன்று, உடல் பகுதி ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி சி.ஆர்.சி. எண் தவறாக இருந்தால் வண்டி அந்தச் செய்தியைத் தூக்கி எறிந்துவிடும். வியாழக்கிழமை வடிவமைப்பு அச்சுக்குப் போகிறது. போனபின் ஒரு பிட்டையும் திருத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேலை எதுவும் இல்லாததால், அலெக்ஸாண்ட்ரியாக்காரர்கள் அனுப்பிய விவரக் குறிப்பின் பின்னிணைப்பைப் படித்தேன். பின்னிணைப்பைப் படிப்பவர்கள் இரண்டு வகை. வேலையில் பக்தி உள்ளவர்கள், வேலையில் யாரும் கூப்பிடாதவர்கள். அங்கே ஒரு மாதிரிச் செய்தி போட்டிருந்தார்கள். தலைப்பின் சரிபார்ப்பு எண் 5சி என்று இருந்தது, எங்கள் கணக்கில் எண்ணோடு எழுத்தும் கலந்து வரும். அதே செய்தியை எங்கள் சிமுலேஷனில் ஓட்டினேன். 91 வந்தது.

மறுபடி ஓட்டினேன். 91. உடல் பகுதியின் எண் மட்டும் சரியாக வந்தது.

எப்படி இதுவரை யாருக்கும் தெரியவில்லை என்று யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. எங்கள் சோதனையில் அனுப்புகிறவனும் நாங்களே, வாங்குகிறவனும் நாங்களே. இரண்டு பேரும் ஒரே சி.ஆர்.சியைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரே கணக்குப் பிள்ளை இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டால் கணக்கு எப்போது உதைக்கும்?

தலைப்பை வாலிலிருந்து ஊட்டிப் பார்த்தேன். 5சி வந்தது. அலெக்ஸாண்ட்ரியாக்காரர்கள் தாங்களே எழுதிக் கொடுத்த ஃபைலில் தலைப்பைப் பூஜ்யத்திலிருந்து மேலே எண்ணியிருந்தார்கள். ஆக, ஃபங்ஷன் வரிசை எந்தப் பக்கம் ஆரம்பிக்கிறது என்று கேட்கவில்லை. பெரிய எண்தான் முதல் என்று தானாக எடுத்துக்கொண்டுவிட்டது.

எனக்குப் பாடம் நடத்தினாளே, அதே பிழை. ஷாஹிநாஸோட சி.ஆர்.சி.

பல மாதங்களுக்குப் பிறகு அன்று வயிறு குளிர்ந்தது. மாதிரிச் செய்தியையும் சிமுலேஷன் விடையையும் ஒரே தாளில் அச்செடுத்து மடித்துப் பையில் வைத்தேன். எழுந்து மூன்று மேசை தள்ளிப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. புதன்கிழமை சொல்வதாக முடிவு செய்தேன். டாக்டர் இருக்க வேண்டும். அலெக்ஸாண்ட்ரியாக்காரர் இருக்க வேண்டும். திரை இருக்க வேண்டும். என்ன சொல்வது என்று வீட்டுக் கண்ணாடி முன் நின்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவதில், வருத்தத்தோடு தலையை ஆட்டும் இடம் நன்றாக வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளே வந்தாள். கையில் கோஷரி டப்பா, சோறும் பருப்பும் மேலே வறுத்த வெங்காயமும். மேசையில் வைத்தாள்.

"வெங்காயம் அதிகமா போடச் சொன்னேன், உங்களுக்குப் பிடிக்கும்னு. உஸ்தாஸ், தலைப்புப் பகுதியை ஒரு தடவை உங்க கண்ணால பாக்கறீங்களா?"

"ஏன்?"

"தெரியல. சோதனை எல்லாம் பாஸ். ஆனா மனசு உறுத்துது. எதையோ விட்டுட்டேன்."

பை என் காலடியில் இருந்தது. தாள் பையில் இருந்தது.

"எல்லாம் பாஸ்னா எதுக்கு உறுத்துது?" என்றேன். "பரிசீலனைக்கு முன்னாடி எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். போய்த் தூங்கு."

"அப்ப சரியா இருக்குன்றீங்களா?"

"நீ எழுதினது. தப்பா இருக்குமா?"

அவள் சிரித்தாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டுவிட்டாள். கோஷரியைச் சாப்பிட்டேன். வெங்காயம் அதிகமாகத்தான் போட்டிருந்தது.

புதன்கிழமை டாக்டர் பஸ்பூஸா என்ற ரவை இனிப்பை வரவழைத்திருந்தார், பெரிய தட்டில், பாதாம் பதித்து. அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து வந்த இன்ஜினியர் சுலைமான் கழுத்துவரை சட்டைப் பொத்தான் போட்ட, பேச்சே இல்லாத மனிதர். டாக்டர் ஜெர்மனியை முடித்துவிட்டுக் கேட்டார்.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

எழுந்தேன். தாளை விரித்தேன். மூன்றாவது விதத்தில் ஆரம்பித்தேன்.

"சொல்லவே கஷ்டமா இருக்கு. இந்த நிலையில யாரையும் குறை சொல்றது என் பழக்கம் இல்ல. ஆனா பின்னிணைப்புல இருக்கிற மாதிரிச் செய்தியை நாம யாரும் ஓட்டிப் பாக்கல. தலைப்புக்கு 5சி வரணும். நமக்கு 91 வருது."

சுலைமான் பஸ்பூஸாவைக் கீழே வைத்தார். தாளை வாங்கிப் பார்த்தார்.

"5சிதான். 91 போனா எங்க வண்டி எதையும் வாங்காது," என்றார். அன்று அவர் பேசிய முதல் வாக்கியம்.

ஷாஹிநாஸ் வெளுத்துப் போனாள். எனக்கு அது போதவில்லை. "இது எதனாலன்னா," என்று தொடர்ந்தேன், "சி.ஆர்.சி, வரிசை எந்தப் பக்கம் ஆரம்பிக்குதுன்னு கேக்கல. அடிப்படையான விஷயம். ரெண்டு வருஷம் முன்னாடி இதே ஆபீஸ்ல இதைப்பத்திப் பேச்சு வந்ததுகூட எனக்கு ஞாபகம் இருக்கு."

"காட்டுங்க ஃபிக்ரி," என்றார் டாக்டர். "ஃபங்ஷனைத் திரையில போடுங்க. நான் ஜெர்மனியில இருந்தப்போ நேரா மூலத்துக்குத்தான் போவோம்."

அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். தலைப்பைக் கணக்கிடும் வரியில் சி.ஆர்.சி என்ற சொல்லின் மேல் அம்புக்குறியை வைத்தேன். ஒரு விசையை அழுத்தினால், கம்பைலர் அந்த இடத்தில் யாரைக் கூப்பிடுகிறதோ அந்த ஃபங்ஷனுக்கே நேரே கொண்டுபோய் விடும். மூன்று நாளில் ஒரு முறைகூட நான் அந்த விசையை அழுத்தியிருக்கவில்லை. எங்கே போகும் என்று தெரிந்த விஷயத்துக்கு எதற்கு அழுத்துவது?

அழுத்தினேன்.

திரையில் ஒரு ஃபைல் திறந்தது. முதல் வரி சுவரில் ஒரு முழ உயரத்துக்கு நின்றது.

அலெக்ஸாண்ட்ரியாக்காரர்கள் தலைப்பைப் பைட்டாகக் கட்டாமல் வெறும் பிட் வரிசையாகவே எழுதியிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிட் வரிசை என்றால் கம்பைலர் கூப்பிடுவது ஒரே ஒருவனைத்தான். மொத்த சிப்பிலும் ஒரே ஒரு இடத்தில்.

அம்மு தெஸூக்கி தட்டோடு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"அட, நம்ம பாஷ்முஹந்திஸ் ஃபிக்ரி பேரு. இவ்வளவு பெருசா போட்டிருக்காங்களே. மப்ரூக்," என்று வாழ்த்தி, என் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது யாரோட ஃபைல்?" என்றார். சுவர் முழுக்கப் பெயர் இருக்கும்போதும் கேட்டார். அது கருணையா, பார்வைக் கோளாறா என்று இன்றுவரை தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்குள் ஷாஹிநாஸ் பேசினாள்.

"பழைய ஃபங்ஷன் டாக்டர். ஆனா தப்பு என்னோடது. சோதனை எழுதினது நான். அனுப்பறதுக்கும் வாங்கறதுக்கும் ஒரே ஃபங்ஷனை வச்சேன். அப்படி வச்சா எந்தத் தப்பும் பாஸ் ஆயிடும். பின்னிணைப்பை நான் படிச்சிருக்கணும். உஸ்தாஸ் படிக்கலேன்னா நாளைக்கு இது போயிருக்கும்."

"எப்ப கண்டுபிடிச்சீங்க?" என்று சுலைமான் என்னைக் கேட்டார்.

"இன்னிக்குக் காலையில," என்றேன்.

தாள் மேசைமேல் ஷாஹிநாஸுக்கு முன்னால் கிடந்தது. அச்சு இயந்திரம் ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதியும் நேரமும் போடும். அவள் அந்த மூலையைப் பார்த்ததை நான் பார்த்தேன். ஞாயிறு, காலை பத்து இருபது. தாளை எடுத்து நாலாக மடித்தாள், மூலை உள்ளே போகும்படி. நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

"எத்தனை நேரம் ஆகும் சரி பண்ண?" என்றார் டாக்டர்.

"ரெண்டு வரி," என்றாள். "சாயங்காலத்துக்குள்ள மறுபடி எல்லாத்தையும் ஓட்டிடலாம்."

"அந்தப் பழைய ஃபங்ஷனைத் தூக்கிட்டா என்ன? ஒரே பேர்ல எதுக்கு ரெண்டு?"

"வேண்டாம் டாக்டர். இவங்க குடுத்த ஃபைலை நாம தொட முடியாது. பிட்டா வர்றதை வாங்க ஆள் வேணும். உஸ்தாஸோடது இருக்கணும்."

திட்டியிருக்கலாம். தேதியைச் சொல்லியிருக்கலாம். இரண்டு வருடம் முன்பு நான் என்ன சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் ஒரு சின்னத்தனத்தையாவது பார்த்துவிடலாம் என்று காத்திருந்தேன். அதிலும் எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

டாக்டர் எழுந்தார். விழிப்போடு இருந்த ஃபிக்ரிக்கு நன்றி என்றார். மூன்று பேர் கைதட்டினார்கள். அதில் ஒருத்தி ஷாஹிநாஸ். பிறகு தலைமை வடிவமைப்பாளர் பெயரைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கொஞ்சம் அதிக நேரமே தட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன், சுலைமான் திரும்பிப் பார்த்தார்.

அவள் என் மேசைக்கு வந்தபோது பஸ்பூஸா பாகு விரலில் ஒட்டியிருந்தது. மடித்த தாளை என் முன் வைத்தாள்.

"இது உங்களோடது."

"ஷாஹிநாஸ்..."

"ரெண்டு வரிதான் உஸ்தாஸ். நீங்களே மாத்திடுங்க. உங்க ஃபைல், நான் தொட மாட்டேன்."

அதில் குத்தல் இருக்கிறதா என்று முகத்தைத் தேடினேன். இருந்தது போலவும் இருந்தது. அவள் அதற்குள் ஜன்னல் அறையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்றுதான் அவளுடைய பதினோரு வரியைத் திறந்து படித்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை. வருகிற வரிசையையே கேட்கிறது, நீ எங்கே ஆரம்பிக்கிறாய், எங்கே முடிகிறாய் என்று. அது சொல்கிற வழியில் நடக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணியவன் வந்தாலும் சரியாக மெல்லும். ஒரு எழுத்துக்கூட அதிகம் இல்லை. குறை கண்டுபிடிக்க மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை, இதை நான் எழுதியிருக்கக்கூடாதா என்று இருந்தது.

அதில் இருந்த இரண்டு வரியைப் பார்த்து அப்படியே என் ஃபங்ஷனில் அடித்தேன். மாதிரிச் செய்தியை ஓட்டினேன். 5சி.

மாற்றத்தை அனுப்ப வேண்டும். எங்கள் வழக்கப்படி ஃபைலின் தலையில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். திருத்தியவர், அதன் பக்கத்தில் பெயர். அப்புறம் தலைமை வடிவமைப்பாளர் பார்த்து ஒப்புதல் கொடுப்பார். அந்த வரியின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யாருடைய இரண்டு வரி என்று எனக்குத் தெரியும். அவள் பெயரின் முதல் எழுத்தை அடித்தேன். அழித்தேன்.

எழுதியவர், ஃபிக்ரி அப்துல் கவி. திருத்தியவர், ஃபிக்ரி அப்துல் கவி. அனுப்பினேன்.

ஜன்னல் அறையிலிருந்து ஒரே நிமிடத்தில் ஒப்புதல் வந்தது. கேள்வி இல்லை, குறிப்பு இல்லை. மீட்டிங்கில் நான் அவள்மேல் பழி போடப் பார்த்ததை அவள் மன்னித்துவிட்டாள் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் இன்னும் அவளை மன்னிக்கவில்லை.